சிரிக்காத பூசணி

விடுதி,
ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். என் வலது முட்டி மட்டும் நலமில்லை. மாடிப்படியைக் கண்டால் அழுகிறது. நீயும் அண்ணியும் சுகமா? உன் டிராயிங் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் யானையை நாய் மாதிரிதான் வரைகிறார்களா? அண்ணி ஸ்கூட்டர் பழகுவதாக எழுதியிருந்தாய். தெருவில் இருப்பவர்கள் நலமா என்றும் சேர்த்தே கேட்கிறேன்.

இரண்டாம் வருஷம் தொடங்கியதும் தலையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். உணவியல் படிக்கிறவர்கள் இனி உணவை மட்டும் படித்தால் போதாதாம். நர்சுகளோடு கொஞ்ச நாள், பிசியோதெரபி ஆட்களோடு கொஞ்ச நாள், நோயாளி விழுங்குவதைச் சோதிக்கிறவர்களோடு கொஞ்ச நாள் வார்டில் வேலை பழக வேண்டுமாம். பிரஷர் பார்க்கணும், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கணும், படுத்தவரை எழுப்பி உட்காரவைக்கணும், வாய்க்குள் டார்ச் அடித்துப் பல் எண்ணணும். நான் கலோரிக் கணக்குப் போட வந்தவள். ரத்தத்தைப் பார்த்தால் எனக்கே தலைக்குக் கீழே தலையணை வேண்டும்.

எங்கள் பேராசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் தராசு. எடைபோடாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். அவரிடம் போய், "மேடம், இதெல்லாம் நர்ஸ் வேலை இல்லையா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "தட்டுக்கும் வாய்க்கும் நடுவுல ஒரு ஆள் இருக்காரும்மா. அவரைப் பார்க்காம தட்டை மட்டும் எழுதிக்கிட்டு இருக்கப் போறீங்களா?" என்றார். ஆஸ்பத்திரி சமையற்கட்டில் அத்தனை வருஷம் தள்ளுவண்டியில் தட்டு அடுக்கி மேலே அனுப்பியவள் நான். யார் தின்றார்கள் என்று ஒரு நாளும் மேலே போய்ப் பார்த்ததில்லை.

முதல் நாள் பயிற்சியை மட்டும் சொல்கிறேன், சிரிக்காதே. கட்டிலில் படுத்திருந்தவர் கையில் பட்டையைச் சுற்றி, பம்ப் அடித்து, பிரஷர் எழுதி, நாடி எழுதி, உப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு பிரசங்கமும் செய்தேன். அவர் பவ்யமாகத் தலையாட்டினார். பிறகு நர்ஸ் வந்து சொன்னாள், அவர் நோயாளியின் மச்சானாம். நோயாளி பாத்ரூம் போன நேரத்தில் சற்றுக் கண்ணயர்ந்திருக்கிறார். அதோடு கூடப் படிக்கிற இருபது வயதுப் பிள்ளைகள் எல்லாம் என்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டுக்கொண்டே சிரித்தார்கள்.

அண்ணா, இது எனக்குச் சரிப்பட்டு வராது. மாத முடிவில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். மாடி அறையில் நீ அடைத்து வைத்திருக்கும் பெயின்ட் டப்பாக்களை அகற்றி வை.

இன்னொன்று. கடித உறையின் மூலையில் என்னைப் பூசணிக்காயாக வரைந்து அனுப்புவதை நீ விடமாட்டாய், தெரியும். வார்டனே இப்போது அதைப் பார்க்கத்தான் தபால்காரருக்காகக் காத்திருக்கிறார். அந்தப் பூசணி ஒரு தடவையாவது சிரிக்கக் கூடாதா? எப்போதும் உர்ரென்று இருக்கிறதே.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பெட்டி கட்டத் தயாராக இருக்கும் தங்கை

---

வீடு,
ஜூன் 17

அன்புத் தங்கை பூசணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணி ஸ்கூட்டரில் இதுவரை ஒரு பூந்தொட்டி, எங்கள் கேட், என் மானம் மூன்றையும் இடித்திருக்கிறாள். முட்டிக்கு என்ன மருந்து போடுகிறாய்?

பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் குடும்பத்தோடு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். கூடத்து மின்விசிறியைச் சரிசெய்து தருகிறேன் என்று சொன்ன வாக்கையும் கையோடு எடுத்துப் போய்விட்டார். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆக, அரட்டைக்கு ஆளில்லாமல் உன் அண்ணியின் பேச்சு முழுவதும் எனக்கே வந்து சேர்கிறது. என் நிலைமையையும் யோசித்துப் பார்.

மச்சானுக்குப் பிரஷர் பார்த்த கதையை ஆசிரியர் அறையில் படித்துக் காட்டினேன். தலைமையாசிரியர் சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

இப்போது கேள். முன்பு ஒரு தடவை காலேஜில் சேர்ந்தாய். அப்பாவுக்கு முடியவில்லை என்றதும் பாதியில் ஓடி வந்தாய். அப்பா பிழைத்துவிட்டார். உன் படிப்பு பிழைக்கவில்லை. அன்றைக்கு உன்னை நிறுத்த எனக்கு வயதும் போதவில்லை, வாயும் போதவில்லை. இப்போது இரண்டும் இருக்கின்றன. இந்த வீடு தீப்பிடித்தாலும் அணைக்க நாங்கள் இருக்கிறோம். நீ பரீட்சை எழுதாமல் வாசலில் வந்து நின்றால், 'யாரம்மா நீங்கள், எந்த வீடு வேணும்' என்று கேட்டுக் கதவைச் சாத்துவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உனக்கு ரத்தம் பயம், எனக்குத் தெரியும். பயத்தோடே செய். எனக்கு மட்டும் கரும்பலகைக்கு முன்னால் இன்னும் நடுங்கவில்லையா?

பூசணி சிரிக்காது. நீ பட்டம் வாங்குகிற அன்றைக்குச் சிரிக்கிற மாதிரி வரைகிறேன். அதற்கு முன்னால் ஒரு பல்கூடத் தெரியாது. இது நமக்குள் ஒப்பந்தம். உன் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் உனக்குப் பரிந்து பேசுவாள். உறையில் பார், ஊசிக்குப் பயந்து பூசணி ஓடுகிறது.

இடது கையால் எழுதுகிறவன் இடது கையால்தானே ஆசீர்வதிக்க முடியும்? வாங்கிக்கொள்.

உன் அண்ணன்

---

வீடு,
ஆகஸ்ட் 2

அன்புள்ள நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது,

நலம். நீ நலமா? நான் கடிதம் எழுதுகிறேனே என்று மயங்கி விழாதே. கடைசியாக நான் எழுதியது பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர், அதிலும் காய்ச்சல் என்று பொய். உன் அண்ணனுக்குக் கை ஒழியவில்லை. பள்ளியில் ஓவியக் கண்காட்சி. தொண்டையும் கட்டிக்கொண்டது. நீ போனில் கூப்பிட்டிருப்பாய். என் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. அவருடைய போனும் விழுந்துவிட்டது. அதே தொட்டிதான்.

உன் கடிதம் மூன்றும் வந்தன. பதில் தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அவர் உனக்குப் பூசணி வரைந்து தந்திருக்கிறார், உறையில் பார். சிரிக்கிற மாதிரி வேணும் என்று நீ கேட்டாய் அல்லவா, அப்படியே வரைந்திருக்கிறார்.

ஒரு விஷயம் கேட்கணும். நமக்கு இல்லை. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. பாவம், இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறது, கண்ணெல்லாம் கலங்கிப்போகிறது. அவர் மனைவி என்னைக் கேட்டாள், 'உங்க நாத்தனார் ஏதோ இதெல்லாம் படிக்கிறாங்களாமே' என்று. அவளுக்குத் தைரியம் போதாது. என்ன செய்யணும் என்று எழுது. அவசரமில்லை. சீக்கிரம் எழுது.

பெட்டி கட்டும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடு என்று உன் அண்ணன் சொல்லச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார்.

அன்புடன்,
அண்ணி

---

விடுதி,
ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்து வார்டன், 'டாக்டர் யாராவது எழுதியதா?' என்று கேட்டார். நான் நலம். இரண்டு போன்களுக்கும் என் அனுதாபம்.

எலக்ட்ரீஷியன் மனைவிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டுவதைவிட, செய்து காட்டுங்கள்.

முதல் வேலை, அந்த ஆஸ்பத்திரிக்கே போய் 'இவர் தண்ணீர் குடித்தால் இருமுகிறார், விழுங்குவதைச் சோதித்துப் பாருங்கள்' என்று கேட்க வேண்டும். அதற்கென்று ஆள் இருப்பார்கள். தண்ணீர் நமக்குச் சாதுவாகத் தெரியும். விழுங்கத் தடுமாறுகிறவருக்கு அதுதான் எல்லாவற்றிலும் போக்கிரி. தொண்டை தயாராவதற்குள் ஓடி மூச்சுக்குழாய்க்குள் புகுந்துவிடும். அதனால் எதைக் குடிக்கலாம், எவ்வளவு கெட்டியாக இருக்கணும் என்று அவர்கள் சோதித்துச் சொல்கிறபடிதான் செய்யணும். நாளைக்குப் போகச் சொல்லுங்கள், நாளை மறுநாள் வேண்டாம்.

படுத்த நிலையில் எதையும் ஊட்டக் கூடாது. முதுகுக்கு அணைகொடுத்து நிமிர்த்தி உட்காரவைக்கணும். சின்ன ஸ்பூன். ஒரு வாய் உள்ளே போய், கன்னத்தில் எதுவும் ஒதுங்கவில்லை என்று பார்த்தபிறகு அடுத்த வாய். ஊட்டுகிற நேரத்தில் டிவி கூடாது. ஊட்டுகிறவள் பேசக் கூடாது. இது அந்த அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனாலும் கூடாது. சாப்பிட்டு முடித்ததும் வாயைச் சுத்தம் செய்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும்.

இதையெல்லாம் போன வாரம்தான் கற்றேன். நாங்கள் ஒருவருக்கொருவர் ஊட்டிப் பழகினோம். என் ஜோடிப் பெண் எனக்குத் தயிர் ஊட்டினாள். அவசரக்காரி. நான் விழுங்குவதற்குள் அடுத்த ஸ்பூன் வாசலில் நின்றது. வாய் திறக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் சார்ட்டில், 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று எழுதினாள். நாற்பத்தாறு வயதில் எனக்கு அழுகை வந்தது. சமையற்கட்டில் இருந்த காலத்தில் மேலிருந்து இதே வாசகத்தோடு வந்த சீட்டுகளை நான் எத்தனை தடவை படித்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறேன்!

பூசணி மிக அழகு என்று அண்ணாவிடம் சொல்லுங்கள். பெட்டி கட்டவில்லை என்றும் சொல்லுங்கள்.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா அண்ணி? எலக்ட்ரீஷியன் மனைவியும் வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று அவளிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

---

வீடு,
ஆகஸ்ட் 29

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். உன் முட்டி எப்படி?

நீ எழுதியபடி சோதித்தாயிற்று. அங்கே ஒரு பெண் கழுத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுத்துப் பார்த்து, தண்ணீரில் கலக்க ஒரு மாவு தந்தாள். இருமல் குறைந்துவிட்டது. பேசாமல் ஊட்டுவதுதான் கஷ்டமாக இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் மனைவி சொல்கிறாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். அவர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். ஒரு பக்கமாகத்தான். ஆனாலும் சிரிக்கிறார்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை. வலது கையால் தானே எடுத்துச் சாப்பிடுகிறார். ஆனால் எதைச் சமைத்தாலும் பாதியைத் தின்றுவிட்டுப் பாதியை அப்படியே வைத்துவிடுகிறார். 'போதுமா?' என்றால், 'முடிஞ்சுது, இன்னும் இருக்கா?' என்று கேட்கிறார். எதிரில் பாதித் தட்டு இருக்கிறது! கிண்டல் பண்ணுகிறாரா, மூளை கலங்கிவிட்டதா, இல்லை அவள் சமையல் பிடிக்கவில்லையா, ஒன்றும் புரியவில்லை. சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. நேற்று அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் நின்று அழுதாளாம். முப்பது வருஷமாக அவள் கையால் தின்றவர், இப்போது மட்டும் என்ன குறை என்று.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஆறு மாதம் லீவு கொடுத்திருக்கிறார்கள்.

உன் அண்ணன் கண்காட்சி வேலையாக இருக்கிறார். இந்தத் தடவை படம் வரைய நேரமில்லை.

அன்புடன்,
அண்ணி

---

விடுதி,
செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

எலக்ட்ரீஷியனுக்கு லீவு கொடுத்த பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம். என் முட்டி நலம்.

ஒரு கதை சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். இங்கே வார்டில் ஒரு லாரி டிரைவர். அதே பக்கவாதம், அதே இடது பக்கம். அவருக்கு நான்தான் டயட் சார்ட் போட்டேன். புரதம், சத்து, உப்பு எல்லாம் கச்சிதம். தராசு அம்மாவே ஒரு திருத்தம் செய்யவில்லை. எனக்குக் கால் தரையில் படவில்லை. ஆனால் தட்டு தினமும் பாதியாகத் திரும்பி வந்தது. முட்டையைத் தொடவே இல்லை. நான் அவர் கட்டிலருகே போய், 'உங்களுக்காக எவ்வளவு யோசிச்சு எழுதியிருக்கேன் தெரியுமா? முட்டை சாப்பிட்டாத்தானே கைகாலுக்குப் பலம்?' என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அவர் குழம்பிப்போய், 'முட்டையா? எனக்கு முட்டையே வரலியேம்மா' என்றார். பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

வார்டில் எங்களுக்கு வேலை பழக்கும் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள். பெரிய வாய், சின்ன உருவம். அவள் வந்து தட்டை அரைவட்டம் திருப்பினாள். இடது பக்கம் இருந்ததெல்லாம் வலது பக்கம் வந்தது. டிரைவர் முகம் மலர்ந்து, 'அட, இதோ முட்டை' என்றார்.

பார்வையில் கோளாறு இல்லை அண்ணி. கண் பார்க்கிறது, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிடுகிறது. பாதித் தட்டுதான் அவருக்கு முழுத் தட்டு. தின்று முடித்ததும் தட்டு காலி. இன்னும் பசிக்கும். ஆனால் எதிரில் ஒன்றும் இல்லை. நாம் நின்று கோபித்துக்கொள்கிறோம்.

என் சார்ட்டில் ஒரு கிராம்கூடத் தப்பில்லை. தட்டு வைத்த திசைதான் தப்பு. அந்த டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். 'பரவால்லம்மா, எனக்கு லெஃப்ட்ல வண்டி வர்றதும் தெரியாது போல' என்றார்.

எலக்ட்ரீஷியன் மனைவியிடம் சொல்லுங்கள், அவள் சமையலில் குறையே இல்லை. பாதி தின்றதும் தட்டைத் திருப்பட்டும். ஆஸ்பத்திரியிலும் இதைச் சொல்லட்டும். அவர்களுக்குத் தெரிய வேண்டியது.

நான் மட்டும் நர்சுகளோடு வார்டிலேயே இன்னும் கொஞ்ச நாள் பழகுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் எனக்குப் பைத்தியம் என்கிறார்கள்.

அண்ணாவின் தொண்டைக்கு என் அன்பு.

உங்கள் நாத்தனார்

---

வீடு,
செப்டம்பர் 7

அம்மாடி,

தட்டைத் திருப்பினேன். எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

எலக்ட்ரீஷியன் இல்லை. உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் அண்ணன்தான். ஜூலையில் ஒரு நாள் வகுப்பில் கரும்பலகையில் குதிரை வரைந்துகொண்டு இருந்திருக்கிறார். சாக்பீஸ் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வாய் குழறக் குழற அவர் பேசிய முதல் பேச்சே, 'பூசணிக்குச் சொல்லாதே. ஓடி வந்துடுவா' என்பதுதான். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டார், 'சொல்லலியே?' என்று. தன் தலையில் என் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். நான் சத்தியம் செய்தேன். இப்போது உடைத்துவிட்டேன். பிசியோதெரபி பையன் அவரைக் கூடத்தில் நடக்கவைத்துக்கொண்டிருக்கிறான், அந்த நேரத்தில் இதை எழுதுகிறேன்.

தட்டைத் திருப்பியதும் அவர், 'இப்பத்தான் கொண்டு வந்தியா?' என்று கேட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை நாள் பசியோடு வைத்திருந்தேனே என்றுதான் இருக்கிறது.

எங்கள் மேல் கோபிக்காதே. வந்துவிடாதே. இல்லை, வா. எனக்குத் தெரியவில்லை, நீயே சொல்.

அண்ணி

---

விடுதி,
செப்டம்பர் 11

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணா நலமா? நீங்கள் நலமா? இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

எனக்கு ஆகஸ்ட் மாதமே தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு போய்விட்டார், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அண்ணா ஜூனிலேயே எழுதிவிட்டார். நீங்கள் அவரை மறுபடியும் குடிவைத்து, பக்கவாதமும் கொடுத்தீர்கள். அதைக்கூட மறதி என்று விட்டிருப்பேன். உறையில் பூசணி சிரித்தது அண்ணி. நான் பட்டம் வாங்குகிறவரை அது சிரிக்காது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். உங்களுக்குச் சொல்லவில்லை. அந்தப் பல்வரிசையைப் பார்த்த நிமிஷமே இது அண்ணன் கையில்லை என்று தெரிந்துவிட்டது. அண்ணன் கையில்லை என்றால் அண்ணன் கைக்கு ஏதோ ஆகிவிட்டது. கீழே வாசித்தேன். இடது கை என்று இருந்தது.

அன்றைக்கு வார்டில் படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறைக்குள் போய் அழுதேன். முகம் துடைக்க எடுத்தது தலையணை உறை. அதை எண்ணித் தருகிற பொறுப்பு என்னுடையது, பிறகு துவைத்து வைத்தேன்.

பெட்டியும் கட்டினேன். தராசு அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொல்லி, போகிறேன் என்றேன். அவர் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. 'அங்க உங்க அண்ணி என்ன கேட்டிருக்காங்க?' என்றார். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, 'இதுக்குப் பதில் தெரியுமா?' என்றார். பாதி தெரியும் என்றேன். 'மீதியை நாளைக்குக் காலைல நாலாவது கட்டில்ல பார்க்கலாம்' என்றார்.

அதனால் இருந்துவிட்டேன். அன்றைக்கே வந்திருந்தால் அவர் கட்டிலருகே இரண்டு பேர் அழுதுகொண்டு இருந்திருப்போம். ரத்தத்துக்குப் பயந்த கதையும் அதோடு முடிந்தது. ஒவ்வொரு நோயாளியும் எனக்கு அண்ணன் மாதிரி தெரிய ஆரம்பித்தால் எங்கே பயப்படுவது? நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. சில நாள் சரி என்று தோன்றும். ராத்திரி பெட்டியைப் பார்த்தால் தோன்றாது. அதை இன்னும் பிரிக்கவே இல்லை.

பரீட்சை நவம்பரில். வார்டு வேலையிலும் பரீட்சை உண்டு. முடிந்ததும் கிளம்புகிறேன்.

நீங்கள் அவரைப் பசியோடு வைத்திருக்கவில்லை. தட்டைத் திருப்பியது யார்?

ஒரு வேலை செய்யுங்கள். இதோடு என் முகவரி எழுதிய வெற்று உறை ஒன்று வைத்திருக்கிறேன். அவர் வலது கையில் பென்சிலைக் கொடுத்துப் பூசணி வரையச் சொல்லுங்கள். எனக்குத் தெரியும் என்பதையும் சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும், நாக்குக்குப் பயிற்சி.

உங்கள் நாத்தனார்

---

வீடு,
செப்டம்பர் 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். திட்டினார். நிறையத் திட்டினார். 'சத்தியத்தை உடைச்சவ' என்று எனக்கு, 'நடிகை' என்று உனக்கு. பிறகு, 'இங்க உட்கார்ந்துக்கிட்டே அங்க அவளுக்குப் பாடமா இருந்திருக்கேன் போல' என்றார்.

பூசணி வரைந்தார். நான் கையைப் பிடிக்கவில்லை. ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. உறையில் பார். என்னால் பார்க்க முடியவில்லை. பாதிதான் இருக்கிறது. வலது பக்கம் மட்டும். ஒரு கண், பாதி வாய். 'இன்னொரு பாதி எங்கே?' என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அவர் சந்தோஷமாக, 'முழுசா வந்திருக்கு பார்' என்றார். முப்பது வருஷம் பிள்ளைகளின் படத்தைத் திருத்தியவர்.

இவர் மறுபடியும் பள்ளிக்கூடம் போவாரா? நிஜத்தைச் சொல்.

அண்ணி

பி.கு.: ஸ்கூட்டர் ஓட்ட வந்துவிட்டது. பின்னால் உட்காரவைத்து இல்லை, மருந்து வாங்கத்தான். கேட் பிழைத்தது.

---

விடுதி,
செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நிஜத்தைச் சொல்கிறேன்: தெரியாது. இங்கே கேட்டேன். சிலருக்குச் சில மாதத்தில் நிறையத் திரும்புகிறது, சிலருக்குக் கொஞ்சம்தான் என்கிறார்கள். சொல்லித்தர வேண்டிய அளவுக்கு நம்பிக்கை இருக்கிறது, வாக்குக் கொடுக்கிற அளவுக்கு இல்லை.

பாதிப் பூசணியை வார்டனிடம்கூடக் காட்டவில்லை. பையின் உள்ளறையில்தான் வைத்திருந்தேன்.

அது பாதி என்று நீங்கள் சொல்லாதது நல்லதுதான். ஆனால் இனிமேல் அந்தப் பக்கத்தை நாம் அவருக்கு மறைத்து வைக்கக் கூடாது. தேடச் செய்ய வேண்டும். தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே பளிச்சென்று ஒரு சிவப்புப் பட்டை ஒட்டுங்கள். 'சிவப்பு தெரிகிறவரைக்கும் பார்வையைத் தள்ளிக்கொண்டே போங்கள், அங்கிருந்து ஆரம்பியுங்கள்' என்று சொல்லுங்கள். இங்கே டிரைவருக்கு இப்படித்தான் பழக்குகிறார்கள். தட்டின் இடது ஓரத்திலும் சிவப்பு. திருப்புவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். நீங்கள் பேசும்போது அவருக்கு இடது பக்கமாக உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் பேச்சைத் தவிர்க்கவே தலையைத் திருப்பப் பழகியவர் அவர். உங்களைத் தேடவும் பழகட்டும். பிசியோதெரபி பையனிடமும் கேட்டுச் செய்யுங்கள்.

அந்த உறையையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 'பாதி பாக்கி இருக்கிறது மாஸ்டர், மதிப்பெண் போட முடியாது' என்று எழுதியிருக்கிறேன். படித்துக் காட்டுங்கள்.

உங்கள் நாத்தனார்

---

விடுதி,
நவம்பர் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நேற்றோடு பரீட்சை முடிந்தது. இது நீ வாசிக்க எழுதுகிறேன், இடது ஓரத்தில் நானே சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன், அங்கிருந்து வாசி.

வார்டுப் பரீட்சையில் ஒரு அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொன்னார்கள். கட்டிலை நிமிர்த்தினேன், வாயைப் பார்த்தேன், பிரஷர் பார்த்தேன். அவர்தான் நோயாளி என்று பெயர் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு. தட்டு எந்தப் பக்கம் என்று கவனித்தேன். டயட் சார்ட்டைக் கடைசியில்தான் எழுதினேன். வெளியே வந்ததும் தராசு அம்மா, 'பெட்டியை இனிமே பிரிச்சுக் கட்டுங்க' என்றார். பிரித்துக் கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் காலை வண்டி. 'யாரம்மா நீங்கள்' என்று கேட்காமல் கதவைத் திற. லீவு ஒரு மாதம்தான். கடைசி வருஷத்துக்குத் திரும்பி வந்துவிடுவேன், பயப்படாதே. அண்ணி ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டரில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். என் முட்டிக்கு இன்னும் சொல்லவில்லை.

நீ அனுப்பிய உறை இன்று காலை வந்தது. வார்டன் எனக்கு முன்னால் பிரித்துப் பார்க்காத குறைதான். இடது பக்கக் கோடு நடுங்கி நடுங்கிப் போயிருக்கிறது. இரண்டு இடத்தில் பென்சில் நின்று, யோசித்து, மறுபடி கிளம்பியிருக்கிறது. இடது கண் ஒரு விரல் கீழே இறங்கியிருக்கிறது. ஆனால் இருக்கிறது. முழுப் பூசணி.

வார்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 'இன்னும் உர்ருன்னுதானே இருக்கு?' என்றார்.

ஆமாம் அண்ணா. ஒரு பல்கூடத் தெரியவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உன் பூசணி